கடைத்தெருவும் காமிராவும்



நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய புகைப்படங்களை எடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை ஒரே மாதிரியாகவே இருக்கும். தாத்தா நாற்காலியில் நேராக உட்கார்ந்திருப்பார். பாட்டி பக்கத்தில் நின்றிருப்பார். பின்னால் தொங்கும் ஸ்டூடியோத் திரையில் ஒரு மாளிகையோ பூந்தோட்டமோ வரையப்பட்டிருக்கும். அதற்குப் பிறகு கல்யாணப் படங்கள், காதுகுத்துப் படங்கள், அடையாளக் கார்டுக்காக எடுத்த சின்னஞ்சிறு படங்கள்.

அந்தப் படங்கள் நமக்கு அருமையானவைதாம். ஆனால் தாத்தா அந்த வெள்ளைச் சட்டையை வருடத்தில் எத்தனை நாள் போட்டிருப்பார்? விடியற்காலையில் பால்வாளியைக் காண்டாவில் மாட்டிக்கொண்டு அவர் நடந்த நடைக்குப் படம் இருக்கிறதா? சம்பள நாளுக்கு மறுநாள் பட்டணத்துக் கடையில் நின்று, கையிலுள்ள காசை எண்ணிப் பார்த்த முகத்துக்குப் படம் இருக்கிறதா? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்காகக் காத்திருந்த பாட்டிக்குப் படம் இருக்கிறதா? நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இல்லை. வருடத்தில் இரண்டு நாள் வாழ்ந்த வாழ்க்கைக்குப் படம் இருக்கிறது. மற்ற நாளெல்லாம் வாழ்ந்த வாழ்க்கைக்குப் படம் இல்லை.

இந்தக் குறையை நிரப்பும் கலை ஒன்று உண்டு. அதைத்தான் தெருப் புகைப்படக் கலை என்கிறார்கள். தெருவிலும் சந்தையிலும் பஸ் நிலையத்திலும் கோயில் வாசலிலும் மக்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது, அந்த நிலையிலேயே அவர்களைப் படம் பிடிப்பதுதான் அது. திரை கிடையாது; அலங்காரம் கிடையாது; "இப்படித் திரும்பி நில்லுங்கள்" என்ற கட்டளையும் கிடையாது. இந்தக் கலை எப்படி வளர்ந்தது, அதன் நுட்பங்கள் யாவை, அதைச் செய்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பவற்றை இன்று பார்ப்போம்.

முதலில் சிறிது வரலாறு. பாரிஸ் நகரத்தில் லூயி தாகேர் என்பவர் புகைப்படம் எடுக்கும் முறை ஒன்றைக் கண்டுபிடித்தார். 1839-ஆம் ஆண்டில் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்பு, 1838-ஆம் ஆண்டு வாக்கில், அவர் உயரமான ஒரு சன்னலிலிருந்து கீழேயுள்ள பெரிய சாலையைப் படமெடுத்தார். அக்காலத்து முறையில் ஒரு படம் பதிவதற்குப் பல நிமிடங்கள் வேண்டும். ஆகவே சாலையில் போய்க்கொண்டிருந்த வண்டிகளும் குதிரைகளும் மனிதர்களும் படத்தில் விழவே இல்லை. அசையாமல் நின்றது மட்டுமே பதிந்தது. ஒரு மூலையில் ஒருவர் காலைத் தூக்கி வைத்துக் காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். அவர் மட்டும் படத்தில் விழுந்தார். அவருடைய காலடியில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த காலணி துடைக்கும் தொழிலாளியும் விழுந்தார். நமக்குக் கிடைத்துள்ள புகைப்படங்களில் மனித உருவம் தெரியும் மிகப் பழைய படம் இதுதான் என்று கருதுகிறார்கள். அரசரும் பிரபுவும் ஏறாத அந்தப் படத்தில் தெருவில் உழைத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் ஏறியிருக்கிறார் என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

அடுத்தவர் நம் நாட்டோடு தொடர்புடையவர். ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1862-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தார். பிறகு பினாங்கிலும் அதற்கு எதிரேயுள்ள கரையிலும் பத்து மாதம்போல் தங்கிப் படமெடுத்தார். அப்போது புகைப்படம் எடுப்பது எளிய காரியமாக இல்லை. கண்ணாடித் தகட்டின்மேல் மருந்தைப் பூச வேண்டும். அது ஈரமாக இருக்கும்போதே படமெடுக்க வேண்டும். காய்வதற்குள் இருட்டறைக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். இதற்கு உதவியாளர்கள் வேண்டும். மனிதக் கை படாமலே உருவம் பதிவது மாயவித்தை என்று பலர் அஞ்சி ஒதுங்கிய காலம் அது. அந்த வேலைக்குத் தாம்சன் பழக்கி எடுத்தது இரண்டு மதராஸ்காரர்களை. இதைத் தாம் 1875-இல் வெளியிட்ட நூலில் அவரே எழுதியிருக்கிறார். அவர்கள் தமிழராகவே இருந்திருக்கக்கூடும். நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் புகைப்படத் தொழிலைக் கற்றுக்கொண்ட இருவர் நம் கரையிலிருந்து வந்தவர்கள். ஆனால் அந்தக் குறிப்பில் அவர்களுடைய பெயர் இல்லை.

தாம்சன் பின்னர் இலண்டனுக்குத் திரும்பினார். 1877, 1878-ஆம் ஆண்டுகளில் அடால்ஃப் ஸ்மித் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து "இலண்டன் தெரு வாழ்க்கை" என்னும் பொருள்படும் தலைப்பில் மாத இதழ்களாக ஒரு நூலை வெளியிட்டார். பூ விற்பவர்கள், பழைய சாமான் விற்பவர்கள், தெருவில் மருந்து விற்பவர்கள் என்று எளிய மக்களின் படங்கள் அதில் இருந்தன. அவற்றுள் ஒரு படம் மறக்க முடியாதது. ஏழைகள் விடுதியின் வாசற்படியில் வறுமையால் நைந்துபோன ஒரு பெண் தலை சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் தோளில் ஒரு குழந்தை உறங்குகிறது. அது அவளுடைய குழந்தையன்று. வேலைக்குப் போயிருக்கும் வேறொருத்தியின் குழந்தை. அதைப் பார்த்துக்கொள்வதற்குக் கூலியாக அவளுக்குக் கிடைப்பது கொஞ்சம் தேநீரும் ரொட்டியும். தாய்மார் வெட்டுக்குப் போன பிறகு ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டிருந்த நம் கிழவிகளை அறிந்தவர்களுக்கு இந்தப் படத்தை விளக்கவே வேண்டாம். இலண்டன் தெருவும் நம் லயத்து வாசலும் அந்த ஒரு படத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

காமிரா கனமான பெட்டியாக இருந்தவரை, படமெடுப்பவர் தெருவில் இறங்கினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மக்கள் வேலையை விட்டுவிட்டு விறைப்பாக நின்றுவிடுவார்கள். இந்த நிலையை மாற்றியது ஜெர்மனியில் உருவான லைக்கா என்ற சிறிய காமிரா. அதை வடிவமைத்த ஆஸ்கர் பார்னாக் ஆஸ்துமா நோய் உள்ளவர். கனமான கருவிகளைத் தூக்கிக்கொண்டு நடக்க அவரால் முடியவில்லை. ஆகவே சினிமாப் படச்சுருளையே பயன்படுத்தி, சட்டைப் பைக்குள் அடங்கும் அளவில் ஒரு கருவியைச் செய்தார். 1925-ஆம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது. ஒரு சுருளில் 36 படங்கள் எடுக்கலாம். கழுத்தில் மாட்டிக்கொண்டு நாள் முழுதும் நடக்கலாம்.

அந்தக் கருவியைக் கையாண்டவர்களுள் மிகவும் பெயர் பெற்றவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஹென்றி கார்த்தியே-பிரசோன். 1908-இல் பிறந்து 2004-இல் மறைந்தவர். அவர் 1932-ஆம் ஆண்டில் பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றின் பின்புறத்தில் ஒரு படமெடுத்தார். மழைநீர் குளமாகத் தேங்கியிருக்கிறது. ஒருவர் அதைத் தாண்டுவதற்காகத் தாவுகிறார். அவருடைய குதிகால் இன்னும் நீரைத் தொடவில்லை. ஒரு நூல் இடைவெளிதான் இருக்கிறது. நீரில் அவருடைய உருவம் தலைகீழாகத் தெரிகிறது. பின்னால் சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரத்தாளில் ஒரு நடனக்காரரின் படம். அந்த உருவமும் தாவிக்கொண்டிருக்கிறது! வேலிப் பலகைகளின் இடுக்கில் காமிராவை வைத்து இதை எடுத்தார். ஒரு விநாடி முந்தியிருந்தால் அவர் கரையிலேயே இருந்திருப்பார். ஒரு விநாடி பிந்தியிருந்தால் நீர் தெறித்திருக்கும். அத்தகைய கணத்தைப் பிடிப்பதுதான் இக்கலையின் உயிர். 1952-இல் அவர் வெளியிட்ட நூலின் ஆங்கிலப் பதிப்புக்கு "முடிவான கணம்" என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள்.

இந்தப் பெரியவர் எப்படி வேலை செய்தார் என்பதிலும் நமக்குப் பாடம் உண்டு. பளபளக்கும் தன் காமிராவின்மேல் கறுப்பு நாடாவை ஒட்டிக்கொண்டார், யாருடைய கண்ணையும் அது இழுக்கக் கூடாது என்பதற்காக. மின்வெட்டு விளக்கை அவர் பயன்படுத்தவில்லை. திடீரென்று ஒருவர் முகத்தில் வெளிச்சத்தை அடிப்பது மரியாதைக் குறைவு என்று கருதினார். பூனைபோல் நடந்தார்; காத்திருந்தார். 1948-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் டில்லியில் அவர் காந்தியடிகளைச் சந்தித்தார். அன்று மாலையே அண்ணல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்து டில்லித் தெருக்களில் திரண்ட மக்களின் துயரத்தையும் இறுதி ஊர்வலத்தையும் அவருடைய காமிரா பதிவு செய்தது. தலைவரின் படம் பலரிடம் இருந்தது. தலைவரை இழந்த சாமானிய மக்களின் முகத்தையும் அவர் தேடிப் பிடித்தார்.

"இவர்களிடம் விலையுயர்ந்த காமிரா இருந்தது; நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று சிலர் நினைக்கலாம். இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் இருக்கும் கைப்பேசி, பார்னாக் கண்ட காமிராவைவிட இலேசானது. படச்சுருள் வாங்கவும் கழுவவும் வெள்ளி செலவழிக்க வேண்டியதில்லை. கருவி இருக்கிறது. பழக வேண்டியது கண்ணும் பொறுமையும்தான். இனி நுட்பங்களுக்கு வருவோம்.

முதலாவது, இடம். படம் தேடி ஊர் முழுதும் அலைய வேண்டாம். ஒரு நல்ல இடத்தைத் தேர்ந்துகொண்டு ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். காலைச் சந்தை, பசார் மாலாம், பஸ் நிலையம், பள்ளிக்கூட வாசல், ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு, இவற்றில் ஏதேனும் ஒன்று போதும். முதல் பத்து நிமிடம் எல்லாரும் நம்மைப் பார்ப்பார்கள். பிறகு அவரவர் வேலையில் நம்மை மறந்துவிடுவார்கள். அப்போதுதான் படம் தொடங்குகிறது. மீன் பிடிக்கத் தூண்டில் போட்டவன் ஆற்றைக் கலக்குவானா? மாட்டான் அல்லவா?

இரண்டாவது, வெளிச்சம். நம் நாட்டில் உச்சிவேளைச் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. அந்த நேரத்தில் எடுத்தால் நெற்றி வெளுத்துக் கண்கள் குழியாக இருண்டுவிடும். காலை ஏழரை மணியிலிருந்து ஒன்பதரை வரையிலும், மாலை ஐந்து மணிக்குப் பிறகும் வெளிச்சம் சாய்வாக வரும். அதுவே நல்ல நேரம். கடைகளின் முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதை மற்றோர் அருமையான இடம். மேலே கூரை நிழல். பக்கத்தில் சாலையிலிருந்து வரும் மென்மையான வெளிச்சம். உச்சிவேளையிலும் அங்கே முகங்கள் நன்றாக விழும்.

இங்கே நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. காமிராவும் கைப்பேசியும் வெளிச்சத்தைத் தாமாகவே கணக்கிடுகின்றன. பின்னால் வெள்ளைச் சுவரோ வெளுத்த வானமோ இருந்தால், அந்தப் பிரகாசத்துக்குத் தக்கபடி படத்தை இருட்டாக்கிவிடும். நம் நிறத்து முகங்கள் அப்போது வெறும் கறுப்பு நிழலாகிவிடும். அதற்கு முகம் காரணமில்லை, கணக்குத்தான் காரணம். கைப்பேசியின் திரையில் முகம் தெரியும் இடத்தை விரலால் தொட்டால், கருவி அந்த முகத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தைத் திருத்திக்கொள்ளும். அல்லது நாமே இரண்டடி நகர்ந்து, வானத்துக்குப் பதிலாக நிழலான பின்னணி வரும்படி நிற்கலாம். கறுத்த முகத்தில் உள்ள சிரிப்பும் சுருக்கமும் வியர்வையின் மினுமினுப்பும் பதிய வேண்டுமானால் இதைப் பழகியே ஆக வேண்டும்.

மூன்றாவது, தூரம். தூரத்தில் நின்றுகொண்டு திரையில் பெரிதாக்கி எடுத்தால் படம் மங்கிப் பொரிந்துவிடும். அதோடு, ஒளிந்து பார்ப்பது போன்ற தன்மையும் வந்துவிடும். நாலடி நடந்து கிட்டே போவதே மேல். கிட்டே போனால்தான் காய்கறிக்காரரின் விரலில் ஒட்டிய மண்ணும் பையின் கிழிசலைத் தைத்த நூலும் தெரியும்.

நான்காவது, பின்னணி. நாம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். அந்த ஆளின் தலையிலிருந்து விளக்குக் கம்பம் முளைத்தது போல் இருப்பதைக் கவனிக்க மாட்டோம். ஆகவே பொத்தானை அழுத்துமுன் படத்தின் நான்கு மூலைகளையும் ஒரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும். வேண்டாதது இருந்தால் ஓரடி இடமோ வலமோ நகர்ந்தால் போதும்.

ஐந்தாவது, கணம். ஒவ்வொரு வேலையிலும் ஓர் உச்சம் உண்டு. தேநீர் ஆற்றுபவர் கையை உயர்த்தித் தேநீர் கயிறுபோல் நீளும் நொடி, ரொட்டிச் சானாய் போடுபவர் மாவை வீசி அது விசிறிபோல் விரியும் நொடி, பழக்குலையைத் தூக்கி லாரியில் எறிபவரின் கை வானத்தில் இருக்கும் நொடி. அந்த வேலையை மூன்று நான்கு தடவை பார்த்தால் அதன் தாளம் நமக்குப் பிடிபட்டுவிடும். தாளம் பிடிபட்டால் எப்போது அழுத்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். வெளிச்சம் குறைந்த இடத்தில் கை ஆடினால் படம் கலங்கும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, ஒரு தூணில் சாய்ந்துகொண்டு எடுக்க வேண்டும். கைப்பேசியின் கண்ணாடியைச் சட்டைத் துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு எடுப்பதும் நல்லது. அதில் படிந்த விரல் எண்ணெயே பாதிப் படங்களைக் கெடுக்கிறது.

நேயர்களே, நுட்பத்தை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். நடத்தையைக் கற்றுக்கொள்வதுதான் கடினம். ஏனென்றால் தெருவில் நாம் எடுப்பது இன்னொருவருடைய முகம்.

படமெடுக்கப்படும் இடத்தில் நின்றவர்கள் நாம். அந்த அனுபவம் நமக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் சிங்கப்பூரில் இருந்த ஜி. ஆர். லாம்பர்ட் போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள், இந்நாட்டு மக்களைப் படமெடுத்துப் பயணிகளுக்கு விற்றன. தமிழரின் படங்களும் அவற்றில் உண்டு. அப்படிப்பட்ட படங்கள் பலவற்றின் அடியில் இனத்தின் பெயரோ தொழிலின் பெயரோதான் அச்சாகியிருக்கும். அந்த மனிதரின் பெயர் இருக்காது. அவருக்குப் பெயர் இல்லாமலா போயிற்று? கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கூலிக்காரன் என்ற ஒரு சொல்லில் ஒரு மனிதர் முடிந்துபோனார்.

இன்று காமிரா நம் கைக்கு வந்துவிட்டது. நாம் யாரைப் படமெடுக்கிறோம்? செம்பனைத் தோட்டங்களில் இன்று வேலை செய்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டனார் நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள். நம் பாட்டனாரைப் போலவே ஊருக்குப் பணம் அனுப்பக் கடை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களைக் கேலிப் பொருளாகவோ குற்றவாளிகளைப் போலவோ படமெடுத்துக் கைப்பேசிக் குழுக்களில் பரப்பினால், அன்று நமக்குப் பிறர் செய்ததை இன்று நாம் பிறருக்குச் செய்கிறோம் என்றே பொருள்.

ஆகவே சில வரம்புகளை வைத்துக்கொள்வோம். குடித்துவிட்டு விழுந்து கிடப்பவரை எடுக்க வேண்டாம். விபத்தில் அடிபட்டவரை எடுக்க வேண்டாம்; முதலில் தூக்கிவிடுவோம். அழுதுகொண்டிருப்பவரை வேடிக்கைக்காக எடுக்க வேண்டாம். பிறர் குழந்தையைப் பெற்றோரின் சம்மதமின்றி எடுக்க வேண்டாம். பெண்கள் குளிக்கும், துவைக்கும் இடங்களின் பக்கம் காமிராவைத் திருப்பவே வேண்டாம். ஒருவர் கையை அசைத்து வேண்டாம் என்றால் அதோடு நிறுத்திவிட வேண்டும். எடுத்துவிட்டதை அழித்துவிடச் சொன்னால் அவர் கண்முன்னே அழித்துவிட வேண்டும். ஒரு படம் போனால் இன்னொரு படம் வரும்.

எளிய உரைகல் ஒன்று உண்டு. இந்தப் படத்தில் இருப்பவர் நம் அண்ணனாகவோ தாயாராகவோ இருந்தால், இதைச் சுவரில் மாட்டுவோமா? "மாட்டுவோம்" என்று மனம் சொன்னால் எடுக்கலாம்.

கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு போய்விடுமே என்று சிலர் கவலைப்படுவார்கள். அதற்கு வழி இருக்கிறது. "அண்ணே, நீங்கள் வேலையைப் பாருங்கள், நாங்கள் இப்படி ஓரமாக நின்று எடுத்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தால் போதும். அவர் வேலையில் மூழ்கியதும் பழைய இயல்பு திரும்பிவிடும். கேட்காமல் எடுக்க நேர்ந்தால், எடுத்த பிறகு அருகில் போய்ப் படத்தைக் காட்டலாம். அவர் சிரித்தால் நமக்கு ஒரு நண்பர் கிடைத்தார். அடுத்த வாரம் அந்தப் படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்தக் கடைத்தெருவே நம்மை ஏற்றுக்கொள்ளும்.

இனி ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விவியன் மையர் என்பவர் 1926-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் பிறந்தவர். சிக்காகோவில் வசதியுள்ளவர்கள் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் நெடுங்காலம் இருந்தார். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்கும்போதே, கழுத்தில் தொங்கிய ரோலிஃபிளெக்ஸ் காமிராவில் படமெடுத்தார். அந்தக் காமிராவை வயிற்றருகே வைத்து, மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். கண்ணுக்கு நேரே தூக்க வேண்டியதில்லை. ஆகவே எதிரில் இருப்பவர்கள் மிரளவில்லை. கிழவர்கள், பிச்சைக்காரர்கள், கடைக்காரர்கள், அழும் பிள்ளைகள், கண்ணாடியில் தெரிந்த தம்முடைய உருவம் என்று அவர் எடுத்த படங்கள் ஒரு இலட்சத்துக்கும் மேல். அவற்றைப் பெரும்பாலும் யாரிடமும் காட்டவில்லை. பல சுருள்களைக் கழுவக்கூட இல்லை. முதுமையில் வறுமை வந்தது. சாமான்களைப் போட்டு வைத்திருந்த கிடங்குக்கு வாடகை கட்டப்படாததால், 2007-ஆம் ஆண்டில் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்குப் போயின. ஏலத்தில் எடுத்தவர்கள் திறந்து பார்த்தபோது ஒரு காலத்துச் சிக்காகோ நகரமே உள்ளே இருந்தது. 2009-இல் அவர் காலமானார். புகழ் அதற்குப் பிறகே வந்தது.

பிறர் வீட்டில் வேலை செய்த ஒரு பெண், வேலைக்குப் போகும் வழியிலேயே இவ்வளவும் செய்தார் என்பதை நம் பெண்கள் கருதிப் பார்க்க வேண்டும். இந்தக் கலைக்குத் தனியாக நேரமோ பெரிய படிப்போ வேண்டியதில்லை. சந்தைக்குப் போகும் வழி போதும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும் வழி போதும். ஆனால் அவருடைய பெட்டி ஏலத்துக்குப் போன கதையில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. எடுப்பது பாதி வேலை. காப்பது மறு பாதி.

கைப்பேசி தண்ணீரில் விழுந்தால் ஐந்து வருடப் படங்களும் அதோடு போய்விடும். ஆகவே வருடத்துக்குப் பத்துப் படங்களையாவது தேர்ந்தெடுத்துக் கடையில் கொடுத்து அச்சிட்டு வைப்போம். அச்சிட்ட படத்தின் பின்புறத்தில் மெல்ல, பென்சிலால், மூன்று விவரங்களை எழுதுவோம்: படத்தில் இருப்பவர் பெயர், இடம், தேதி. பெயர் தெரியாவிட்டால் அடுத்த முறை கேட்டு எழுதுவோம். நம் நாட்டு ஈரக் காற்றில் படங்களில் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே ஈரம் புகாத டப்பாவில் வைத்து, சமையலறைக்கும் ஒழுகும் கூரைக்கும் தூரமாக வைக்க வேண்டும்.

இவ்வளவு ஏன் சொல்கிறோம்? நாம் பிறந்து வளர்ந்த தோட்டங்கள் பல இன்று இல்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன, பெரட்டுக் களம் இருந்த இடம் வாகனம் நிறுத்தும் இடமாயிற்று. பட்டணத்துக்கு வந்துவிட்ட நம் பிள்ளைகள், "தோட்டம் எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார்கள். காட்டுவதற்கு நம்மிடம் ஸ்டூடியோத் திரையின் முன் எடுத்த படங்கள்தாம் இருக்கின்றன. போனதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் இன்று இருப்பதும் நாளைக்குப் போகப் போவதுதான். இன்னும் நிற்கும் தோட்டத்துக் கோயில், வாசலில் காய்ந்துகொண்டிருக்கும் துணி, ஒட்டுக்கடை நாற்காலியில் தினமும் உட்காரும் பெரியவர், பஸ் நிலையத்தில் பூக்கட்டும் அம்மா, அடுக்குமாடி வீட்டின் கீழே பந்து விளையாடும் பிள்ளைகள், இவை எல்லாம் நமக்குச் சாதாரணமாகத் தோன்றுகின்றன. தினமும் பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறது. முப்பது வருடம் கழித்து ஒரு பேரப்பிள்ளை பார்க்கும்போது அவற்றில் ஒன்றுகூடச் சாதாரணமாக இருக்காது.

ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டு இளைஞர்களிடம் ஒரு வேலையைக் கொடுப்போம். ஒரே ஒரு தெரு. ஒரு மணி நேரம். மரியாதையோடு நின்று, நன்றாகப் பார்த்து, பத்துப் படங்கள் எடுத்து வரட்டும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பமாக உட்கார்ந்து அவற்றைப் பார்ப்போம். எது நன்றாக இருக்கிறது, ஏன் நன்றாக இருக்கிறது என்று பேசுவோம். அதில் ஒன்றை அச்சிட்டு, பின்னால் பெயர் எழுதி, பெட்டியில் தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் வைப்போம்.

பினாங்கில் தாம்சனுக்குத் துணை நின்ற அந்த இரண்டு மதராஸ்காரர்களின் பெயரை இனி யாரும் தேடிக் கண்டுபிடிக்க வழியில்லை. நம் தெருவில் இன்று நடந்துகொண்டிருப்பவர்களின் பெயரை நாம் கேட்டு எழுதிவிடலாம். அதற்கு ஒரு பென்சில் போதும்.